பென்சிலால் எழுதிய ஷிப்ட்

காலை ஆறு மணிக்கு மில் சங்கு ஊதும். வெள்ளவத்தையில் நாங்கள் இருக்கிற ஒழுங்கை காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவில். மில் இருப்பது வீதிக்கு அந்தப் பக்கம். சங்கு முதலில் தொண்டையைச் செருமுகிற மாதிரி ஒரு சத்தம் போடும். பிறகு எழும்பும். எழும்பிக் கூரைகளுக்கு மேலால் கடலுக்குப் போய், அங்கே கரையோரத் தண்டவாளத்தில் ஓடுகிற கோச்சியின் இரைச்சலோடு கலந்து ஓயும். ஓய்ந்த பிறகுதான் காலடிகள் கேட்கும். வேலைக்குப் போகிறவர்கள் கதைத்துக்கொண்டு போவார்கள். வேலை முடிந்து வருகிறவர்கள் செருப்பை இழுத்துக்கொண்டு வருவார்கள், கதைக்கமாட்டார்கள்.

மனைவி கண் திறவாமலே "ஷிப்ட் மாறுது" என்று சொல்லிவிட்டு மற்றப் பக்கம் திரும்பிப் படுப்பாள். இன்னும் அரை மணித்தியாலம் படுக்கலாம் என்பது அவளுக்கு அதன் பொருள். எனக்கு அந்தச் சொல்லைக் கேட்ட பிறகு நித்திரை வருவதில்லை. எழும்பி முற்றத்துக் கல்லில் இருந்து, செருப்பு இழுபடுகிற சத்தம் முழுதும் ஓயுமட்டும் கேட்டுக்கொண்டிருப்பேன். உடம்பு இப்போதெல்லாம் எழும்பும்போதே களைத்துப்போய் எழும்புகிறது.

எங்கள் ஊரில் என் சின்ன வயதில் இந்தச் சொல் இல்லை. விதைப்பு இருந்தது, அறுப்பு இருந்தது, பள்ளிக்கூடம் விடுகிற மணி இருந்தது. கொழும்புக்கு வந்த பிறகுதான் ஷிப்ட். வந்ததிலிருந்து அது என் காலைச் சுற்றிக்கொண்டே இருக்கிறது, பூனை மாதிரி. எதிர்வீட்டுப் பிள்ளைகள் சத்தம் போட்டால் தாய் உள்ளேயிருந்து, "கத்தாதேங்கோ, அப்பா ராவு ஷிப்ட்!" என்று அதட்டுவாள். அப்பாவுக்கு ராவு ஷிப்ட் என்றில்லை, அப்பாவே ராவு ஷிப்ட். மனிதர் அப்படியே அந்த வேலைக்குள் கரைந்து போனார். கலியாணத் தரகர் ஒருவர் மாப்பிள்ளை பார்க்க வருகிறபோது குரலைத் தாழ்த்தி, "பெடியனுக்கு ஷிப்ட் வேலையோ?" என்று கேட்பார். பெடியன் குடிப்பானோ என்று கேட்கிற அதே குரல்.

வீடு மாறுவதற்கும் அதே சொல்தான். நான் கொழும்பில் ஒன்பது வீடு மாறியவன். ஒரு கூரைக்குக் கீழே இரண்டு மழைக்காலம் இருந்தால் எனக்குக் கால் அரிக்கும். ஒருமுறை சாமான் ஏற்ற மாளிகாவத்தைக்குப் போய் ஒரு மாட்டுவண்டி பேசினேன். வண்டிக்காரர் ஒரு முஸ்லிம் பெரியவர். "ஷிப்டிங்கா சேர்? அப்ப பெரிய வண்டிதான் வேணும்" என்று சொல்லிப் பெரிய வண்டியையே கொண்டுவந்தார். வாசலில் கிடந்த ஒரு மேசை, இரண்டு கதிரை, புத்தகப் பெட்டி, பாய்க்கட்டு எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்துவிட்டு, மாட்டின் முதுகைத் தட்டி, "இதுக்குப் பேரு ஷிப்டிங் இல்ல சேர். இது சும்மா எந்திரிச்சுப் போறது" என்றார்.

சும்மா எழும்பிப் போவது. என் வாழ்க்கையைப் பற்றி யாரும் அவ்வளவு சரியாகச் சொன்னதில்லை.

ஆனால் ஆறு மணிச் சங்கு என்னை எழுப்புவது இதற்காகவெல்லாம் இல்லை. கொட்டாஞ்சேனையில் நான் இருந்த முதல் அறைக்காக. அங்கே ஒரு கட்டிலில் நானும் இன்னொரு மனிதரும் ஆறு மாதம் படுத்தோம், ஒரு நாளும் ஒன்றாய்ப் படுக்கவில்லை.

அது இரண்டாவது உலகச் சண்டைக்காலம். கொழும்பில் குண்டு விழுந்தபோது சனம் சட்டி பானையோடு ஊர்களுக்கு ஓடியது. பிறகு, ஊரில் எத்தனை நாள்தான் இருப்பது என்று ஒவ்வொருவராகத் திரும்பி வந்தது. வந்தவர்களுக்கு இடமில்லை. நல்ல வீடுகளைப் பட்டாளம் எடுத்துக்கொண்டிருந்தது. துறைமுகத்திலும் இடமில்லை. கப்பல்கள் வெளிக்கடலில் நங்கூரம் போட்டுத் தங்கள் முறைக்குக் காத்து நின்றன. வந்த கப்பலை இரவு பகலாய் இறக்கவேண்டும் என்று ஆட்களை எடுத்தார்கள். அப்படித்தான் எனக்கு டாலி கிளாக்கர் வேலை கிடைத்தது. பெரிய வேலை ஒன்றுமில்லை. கப்பலிலிருந்து இறங்குகிற மூட்டை ஒவ்வொன்றுக்கும் புத்தகத்தில் ஒரு கோடு. நாலு கோடு விழுந்தால் ஐந்தாவதைக் குறுக்கே இழுப்பது. காலை ஆறிலிருந்து மாலை ஆறு ஒரு ஷிப்ட், மாலை ஆறிலிருந்து காலை ஆறு மற்ற ஷிப்ட். புதிதாய் வந்தவன் என்பதால் எனக்கு இரவு விழுந்தது.

அறை கிடைத்ததும் துறைமுகத்தால்தான். "நீ ராவு ஷிப்ட் எண்டா ஒரு அறை இருக்கு, பாதி அறை" என்று கூடவேலை செய்தவன் ஒருவன் கூட்டிக்கொண்டு போனான். மாதா கோயிலுக்குப் பின்னால், தகரக் கூரை, ஒரு யன்னல், ஒரு இரும்புக் கட்டில். கட்டிலின் இரவுப் பாதி ஏற்கெனவே ஒருவரிடம் இருந்தது. அவரும் எங்கள் துறைமுகத்தில் டாலி கிளாக்கர்தான். பகல் ஷிப்ட். நான் வேலைக்குப் போகிற நேரம் அவர் வந்து படுப்பார், அவர் போகிற நேரம் நான் வந்து படுப்பேன்.

வீட்டுக்காரி கொட்டாஞ்சேனையிலேயே பிறந்து வளர்ந்த கத்தோலிக்க விதவை. ஒரு வசனத்துக்குள் மூன்று பாசை பேசுவாள், தம்பி என்பதைச் சிங்களத்தில் மல்லி என்பாள். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "பரவாயில்ல மல்லி, ஒல்லிதான். கட்டில் தாங்கும்" என்றாள். பிறகு அடுத்த வீட்டுக்குக் கேட்கத்தக்கதாய், "ஒரு கட்டிலு, ரெண்டு மாப்பிள்ள! கட்டிலுதான் பாவம், அதுக்கு லீவே இல்ல!" என்று சிரித்தாள்.

அந்த மற்றவர் மலைநாட்டுக்காரர். ஹற்றன் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து, அங்கேயே படித்து, என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். மனைவியும் இரண்டரை வயது மகளும் தோட்டத்தில், மனைவியின் தாய்வீட்டில் இருந்தார்கள். நான் அவரை அண்ணை என்றேன். அவர் என்னைத் தம்பி என்றாலும் 'ங்க' போட்டுத்தான் கதைப்பார். எங்கள் பேச்செல்லாம் காலை ஆறு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும், துறைமுகத்துச் சாமான் கொட்டகை வாசலில், டாலிப் புத்தகம் கைமாறுகிற நேரத்தில் மட்டும். ஒருவர் வந்து புத்தகத்தைக் கையில் வாங்குமட்டும் மற்றவர் நின்ற இடத்தை விட்டு அசையக்கூடாது. அதுதான் அங்கே உள்ள சட்டம். செத்தாலும் புத்தகத்தோடு நின்று சாகவேண்டும் என்று பகிடி பண்ணுவார்கள்.

இரவு வேலை எனக்கு ஒத்துவரவில்லை. அதைவிட, எனக்கு ஒரு திட்டம் இருந்தது. டைப்பிங் படித்து ஒரு சேர்ட்டிபிக்கட் எடுத்தால் கோட்டைப் பக்கத்து ஆபீசொன்றில் மின்விசிறிக்குக் கீழே இருந்து வேலை செய்யலாம். வகுப்பு வெள்ளவத்தையில், ஒரு கடைக்கு மேல்மாடியில், மாலை ஏழு மணிக்கு. இரவு ஷிப்டில் இருந்துகொண்டு அதற்குப் போக முடியாது. ஒருநாள் புத்தகம் மாற்றுகிறபோது அண்ணையிடம் கேட்டேன்.

"எத்தன மாசம் தம்பி?"

"மூண்டு மாசம் அண்ணை. சோதனை முடிஞ்ச உடனை திருப்பித் தாறன்."

"மூணு மாசந்தானே. மழை விட்டப்புறந்தான் எங்க வீட்டுக்காரி புள்ளையோட இங்க வர்றாங்க. அதுக்குள்ள முடிஞ்சிரும்ல?"

"ஓம் அண்ணை, முடிஞ்சிடும்."

ஷிப்ட் மாறுவதற்கு அங்கே ஒரு முறை இருந்தது. பெரிய கிளாக்கர் ஒரு பறங்கிக்காரர். காலை ஆறு மணிக்குக் கொட்டகைக்கு வந்து மேசையில் பெயர்ப்பட்டியலை விரிப்பார். பத்து நிமிசம் இருப்பார். பிறகு தொப்பியை எடுத்துக்கொண்டு மற்றக் கொட்டகைகளுக்குப் போய்விடுவார். அன்றைக்கு முழுதும் ஆளைப் பிடிக்க முடியாது. மாறவிரும்புகிற இரண்டு பேரும் அந்தப் பத்து நிமிசத்துக்குள் அவருக்கு முன்னால் ஒன்றாய் நின்று சொல்லவேண்டும். "ஒரு ஆள் வந்தா நான் கேக்க மாட்டன். நாளைக்கு மத்த ஆள் வந்து அழுவான். ரெண்டு ஆள் வா, ஒண்டா நில்லு, வாயாலை சொல்லு" என்பார். சொன்னால் பெயர்களை அழித்துப் பென்சிலால் மாற்றி எழுதுவார். மூன்று மாதம் பென்சில். அதற்குள் இரண்டு பேரும் மறுபடி ஒன்றாய் வந்து நிற்காவிட்டால், மூன்றாம் மாதக் கடைசியில் மையால் எழுதிவிடுவார். மை விழுந்தால் ஒரு வருசத்துக்கு அதுதான்.

ஒரு காலை நாங்கள் ஒன்றாய் நின்றோம். பென்சில் ஓடியது. அன்றைய பகலையும் நானே வாங்கிக்கொண்டேன், அவர் அறைக்குப் போய்ப் படுத்தார். கட்டில் அசையவில்லை. நாங்கள்தான் இடம் மாறினோம்.

ஒரே கட்டிலுக்கு இரண்டு சீதோஷ்ணம் உண்டு என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. வகுப்பு முடிந்து கோச்சியில் கோட்டைக்கு வந்து, டிராம் பிடித்து இறங்கி, ஒன்பது மணிக்கு நான் படுக்கிற கட்டில் துறைமுகக் காற்று வருகிற கட்டில். பகலில் அது வேறு. தகரம் காய்ந்து கொதிக்கும். பக்கத்து வளவில் தகரப்பெட்டி அடிக்கிற கடை. பைப்பில் தண்ணீருக்குச் சண்டை. பன்னிரண்டு மணிக்குக் கோயில் மணி. அதையெல்லாம் நானும் முன்பு பகலில் படுத்தபோது பட்டவன்தான். ஆனால் தன் நித்திரை திரும்பி வந்த பிறகு மற்றவனுடைய நித்திரையை மனிதன் நினைப்பதில்லை.

இரண்டாம் மாதம் ஒருநாள் எனக்குக் காய்ச்சல். மத்தியானம் வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். போகிற வழியெல்லாம் கட்டில், கட்டில் என்றே நடந்தேன். கதவைத் தள்ளினால், அண்ணை படுத்திருக்கவில்லை. கட்டில் விளிம்பில் இருந்தார். இரண்டு காதிலும் பஞ்சு. ஈரத்துணியைக் கண்ணுக்கு மேலே கட்டியிருந்தார். கையில்லாத பெனியன் முதுகோடு ஒட்டிக்கிடந்தது. என் காலடி அவருக்குக் கேட்கவில்லை. நான் தோளைத் தொட்டபோது துள்ளி எழும்பினார்.

"என்ன தம்பி, மணி ஆறாயிருச்சா?"

"இல்லை அண்ணை. எனக்குக் காய்ச்சல்."

நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். தன் துவாயையும் போர்வையையும் எடுத்துக்கொண்டு எழும்பினார். "படுங்க."

"நீங்கள்?"

"எனக்கு எங்க தூக்கம் வருது. சும்மாதானே ஒக்காந்திருக்கேன்."

நான் படுத்துவிட்டேன். மறுத்துக்கூடச் சொல்லவில்லை. பின்னேரம் வீட்டுக்காரி கொத்தமல்லித் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, "அந்த மனுசன் கோயில் படியில குந்திட்டு நித்திர தூங்குறார், பாத்தியா? கோழிக்கு மாதிரித் தல விழுது" என்றாள். "நீ சின்னப் பொடியன். அவருக்குப் புள்ள குட்டி இருக்கு. கெதியா அவருட ஷிப்ட்ட அவருக்குக் குடு மல்லி." நான் ஓம் என்று சொன்னேன். அன்றைக்கும் அவர் ஆறு மணிக்கு இரவு வேலைக்குப் போனார்.

டைப்பிங் வகுப்பிலும் ஷிப்ட் என்று ஒன்று இருந்தது. இடது கைச் சுண்டுவிரலுக்குக் கீழே ஒரு கட்டை. அதை அழுத்திப் பிடித்தால்தான் ஆங்கிலத்தின் பெரிய எழுத்து விழும். எங்கள் பாசையில் பெரிய எழுத்தும் இல்லை, சின்ன எழுத்தும் இல்லை. ராசாவின் பெயரும் நாயின் பெயரும் ஒரே உயரம். அதனாலோ என்னவோ என் சுண்டுவிரலுக்கு அந்தப் பலம் வரவில்லை. கட்டை பாதிதான் இறங்கும். பெரிய எழுத்து கோட்டுக்கு மேலே எம்பி, அந்தரத்தில் நிற்கும். ஒரு பக்கம் அடித்து முடித்தால் பெயர்களெல்லாம் கூரையில் ஏறி நிற்கிற மாதிரி இருக்கும். சொல்லிக்கொடுத்த மிஸ் தாளைத் தூக்கி எல்லோருக்கும் காட்டி, "இவர்ட சுண்டுவிரலுக்கு வீட்டில சோறு குடுக்கிறேல்ல போல" என்பாள். மூன்றாம் மாதம் சோதனை. பெயர்கள் பறந்தன. பெயில்.

அடுத்த சோதனைக்கு இன்னும் மூன்று மாதம்.

முடிவு தெரிந்த மறுநாள் காலை புத்தகம் வாங்கப் போனேன். அண்ணை முகம் கழுவி, தலை வாரி நின்றார். இரவு முழுதும் நின்ற மனிதர் மாதிரி இல்லை.

"தம்பி, கிராண்ட்பாஸ்ல ஒரு ரூம்பு பேசிட்டேன். கடைக்கார முஸ்லிம் நானாவோட வீடு. பின்னால தனியா சமைக்கக் குசினி. மாசக் கடைசி வரைக்கும் வேற யாருக்கும் குடுக்க மாட்டேன்னு சொல்லிட்டாரு."

"நல்லது அண்ணை."

"எங்க வீட்டுக்காரி என்னா எழுதியிருக்காங்கன்னா, நீங்க ராத்திரி வேலைன்னா நான் புள்ளைய வச்சிக்கிட்டு அந்த ஊர்ல தனியா இருக்க மாட்டேன், பகல் ஷிப்டுன்னு எழுதுங்க, அடுத்த கோச்சியில வாரேன்னு." அவர் சிரித்தார். "தெருவெல்லாம் பட்டாளத்தானுங்க. அவங்க சொல்றதும் சரிதானே? அப்ப நாளைக்குக் கொஞ்சம் வெள்ளனவே வந்திருங்க. பெரியவரு இருக்கப்பவே ரெண்டு பேருமாப் போய்ச் சொல்லிருவோம்."

"ஓம் அண்ணை. நாளைக்கு."

மறுநாள் ஆறு மணி பன்னிரண்டு நிமிசத்துக்குப் போனேன். பெரிய கிளாக்கரின் கதிரை வெறுமையாய் இருந்தது. "நித்திரையாப் போனன் அண்ணை" என்றேன். "பரவால்ல தம்பி, நாளைக்கு" என்றார். அதற்கடுத்த நாள் ஆறு பதினைந்து. அதற்கடுத்த நாள் செருப்பு அறுந்துபோனது. உண்மையாகவே அறுந்ததா, நான் அறுத்தேனா என்று இன்றைக்கு நினைவில்லை. நான் பிந்துகிற ஒவ்வொரு நிமிசமும் அவர் புத்தகத்தோடு அங்கேயே நிற்கவேண்டும். பன்னிரண்டு மணித்தியாலம் நின்ற கால்களோடு இன்னும் ஒரு கால் மணித்தியாலம். அதுவும் எனக்குத் தெரியும்.

மாட்டேன் என்று நான் ஒருநாளும் சொல்லவில்லை. என்னைச் சமாதானப்படுத்த அந்த ஒரு வாசகத்தை வைத்திருந்தேன். இன்னும் மூன்று மாதம் பொறுங்கோ என்று கேட்டிருக்கலாம். கேட்டால் அவர் இல்லை என்று சொல்லலாம். ஓம் என்று சொன்னாலும் அவருடைய முகத்தைப் பார்க்கவேண்டும். பிந்திப்போவது அதைவிட லேசாய் இருந்தது. ஒரு மனிதனுடைய குடும்பத்தைப் பிரித்து வைக்கப் பெரிய கெட்டவனாய் இருக்கத் தேவையில்லை என்பதை அந்த மாதம் படித்தேன். கொஞ்சம் நித்திரை ஆசையும் பத்து நிமிசமும் போதும்.

மாசக் கடைசி நாள். அன்றைக்கு மை விழும் என்று எல்லோருக்கும் தெரியும். முதல்நாள் பின்னேரம் புத்தகம் மாற்றுகிறபோது அண்ணை என் கையைப் பிடித்துக்கொண்டு, "நாளைக்குத்தான் தம்பி கடைசி" என்றார். கை சூடாய் இருந்தது.

நான் நேரத்தோடு போனேன். அதைச் சொல்லவேண்டும். ஐந்தரைக்கே துறைமுக வாசலுக்கு முன்னால் நின்றேன். வாசலுக்கு எதிரே ஒரு சிங்கள முதலாளியின் தேத்தண்ணிக் கடை. ஒரு பிளேன்டீ குடித்துவிட்டுப் போவோம் என்று உள்ளே போனேன். குடித்தேன். கண்ணாடிக் கிளாசின் அடியில் சீனி கரையாமல் கிடந்தது. அதை விரலால் கிளறிக்கொண்டிருந்தேன். அங்கேயிருந்து பார்த்தால் கொட்டகையின் கதவு தெரியும். பெரிய கிளாக்கர் தொப்பியோடு உள்ளே போவதைக் கண்டேன்.

முதலாளி சுவர் மணிக்கூட்டைப் பார்த்துவிட்டு, "மாத்தயா, ஹயய்" என்றார். ஐயா, ஆறு மணி என்று எனக்கே ஞாபகப்படுத்தினார்.

நான் கிளாசை நீட்டினேன். "தவ எக்கக்." இன்னுமொன்று.

அவர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். ஊற்றினார். கொதிக்கக் கொதிக்க இருந்தது. அவசரப்பட்டுக் குடிக்க முடியாத தேத்தண்ணி. அதைவிட நல்ல நியாயம் வேறென்ன வேண்டும்? ஊதி ஊதிக் குடித்தேன். பெரிய கிளாக்கர் வெளியே வந்து மற்றப் பக்கம் நடந்து போனார். அதற்குப் பிறகு நான் எழும்பி, வாயைத் துடைத்துக்கொண்டு, கொட்டகைக்கு ஓடினேன். ஓடினேன். மூச்சு வாங்குகிறது தெரியவேண்டும் என்று ஓடினேன்.

அண்ணை வாசலில் புத்தகத்தோடு நின்றார். "பெரியவரு கேட்டாரு, எங்கய்யா மத்த ஆளுன்னு. வருவாருன்னு சொன்னேன். பேனாவத் தொறந்து வச்சிக்கிட்டுக் கொஞ்ச நேரம் பாத்தாரு." மேசைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். பட்டியல் விரித்தபடி கிடந்தது, மை இன்னும் ஈரமாய் மின்னியது. "போட்டுட்டாரு."

"அண்ணை, நான் ஓடி ஓடி..."

"மூச்ச விடுங்க தம்பி. பொஸ்தகத்தப் புடிங்க."

அவ்வளவுதான். திட்டவில்லை. திட்டியிருந்தால் நான் திருப்பி ஏதாவது சொல்லியிருப்பேன், இரண்டு பேரும் சண்டை பிடித்துக் கொஞ்சம் ஆறியிருப்போம். அடுத்த இரண்டு கிழமை புத்தகம் வழக்கம்போல் கைமாறியது. எத்தனையாம் நம்பர் கப்பல், எந்தச் சரக்குக் குழி, எத்தனை மூட்டை. அந்த நாட்களில் மாவேற்றி வந்த கப்பல் ஒன்று ஒரு பக்கம் சாய்ந்தபடி துறைக்கு வந்தது. உள்ளே மூட்டைகள் ஷிப்ட் ஆகிவிட்டதாம். கடலில் ஒரு சரக்கு ஒரு பக்கம் சரிந்தால் கப்பல் நிமிரவே நிமிராது, நிமிர்த்தப் போனால் மற்றப் பக்கம் கவிழும் என்று ஒரு பழைய தொழிலாளி எனக்கு விளக்கினார். சாய்ந்தபடியே மெதுவாய்க் கரைக்குக் கொண்டுவர வேண்டுமாம். நான் அதைப் பார்த்துக்கொண்டு நின்று, கோடு போட மறந்து, ஏச்சு வாங்கினேன்.

கிராண்ட்பாஸ் அறை வேறொரு குடும்பத்துக்குப் போனது. அதை அண்ணை சொல்லவில்லை, வீட்டுக்காரிதான் சொன்னாள். அன்றைக்கு அவள் பகிடி விடவில்லை. "உனக்கு நான் என்ன சொன்னன்?" என்று மட்டும் கேட்டாள். பிறகு கொஞ்ச நாளைக்கு என் தேத்தண்ணிக் கோப்பையை மேசையில் வைக்காமல் வாசற்படியில் வைத்தாள்.

பிறகு ஒரு பின்னேரம் புத்தகத்தை வாங்குகிறபோது அண்ணை, "வேலைய விட்டுட்டேன் தம்பி. நாளைக்குக் காலையில கடைசி" என்றார். தோட்டத்தில் தேயிலை ஸ்டோரில் ஒரு கணக்கப்பிள்ளை வேலை காலியாம். இதைவிடச் சின்ன வேலை. அந்தத் தோட்டத்தை விட்டு எப்படியாவது கீழே இறங்கிவிட வேண்டும், மகள் கொழும்பில் பள்ளிக்கூடம் போகவேண்டும் என்று முன்பு ஒருமுறை சொன்னவர். அது இனி நடக்காது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அன்றிரவு நான் அந்தக் கட்டிலில் படுத்து நன்றாக நித்திரை கொண்டேன். அதையும் சொல்லவேண்டும். மனச்சாட்சி குத்தினால் நித்திரை வராது என்று எழுதுகிறவர்களுக்குப் பன்னிரண்டு மணித்தியாலம் நின்று வேலை செய்த அனுபவம் இல்லை.

மறுநாள் ஆறுக்குக் கால் மணித்தியாலம் இருக்கவே போய்விட்டேன். கொட்டகை வாசலில் ஒரு தகரப்பெட்டி, அதன்மேல் குடை, பக்கத்தில் அவர்.

"என்ன தம்பி, இன்னிக்கு வெள்ளனவே?"

குரலில் குத்தல் இருக்கிறதா என்று தேடினேன். இல்லை. ஆச்சரியம்தான் இருந்தது. அது இன்னும் மோசம்.

"அண்ணை, இண்டைக்கு அவர் வந்த உடனை ரெண்டு பேருமாய்ப் போய்ச் சொல்லுவம். மை போட்டாலும் என்ன, கெஞ்சிக் கேட்டால் வெட்டுவார். நான் இண்டைக்கே ராவுக்கு வாறன்." வழி முழுதும் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த வசனம். அவருக்கு முன்னால் சொல்லுகிறபோது அது டைப் அடித்த மாதிரி இருந்தது.

"எழுதிக் குடுத்தாச்சு தம்பி. பேப்பரு மேல போயிருச்சு."

"வீட்டிலை அக்காவுக்குச் சொல்லுங்கோ, நான்..."

"என்னான்னு சொல்றது?"

அவர் உண்மையாகவே காத்து நின்றார், நான் ஏதாவது சொன்னால் கொண்டுபோய்ச் சொல்லலாம் என்று. பெரிய கிளாக்கர் வந்து எங்களைத் தாண்டி உள்ளே போனார். இரண்டு பேரும் ஒன்றாய் நிற்பதைக் கண்டு ஒரு புருவத்தை உயர்த்தினார். கதிரை இழுபடுகிற சத்தம் கேட்டது. பத்து நிமிசமும் எங்களுக்கு முன்னால் முழுதாய்க் கிடந்தது.

அண்ணை டாலிப் புத்தகத்தை என் கையில் வைத்தார். "மூணாம் குழியில நனைஞ்ச மூட்ட கெடக்கு. தனியா எண்ணுங்க, இல்லாட்டி உங்க தலையிலதான் விழும்."

"ஓம் அண்ணை."

"என் எடத்துக்கு ஒருத்தரு வர்றாரு. மாத்தளைக்காரரு. கட்டிலும் அவருக்குத்தான்னு வீட்டுக்காரம்மாகிட்ட சொல்லிட்டேன்." பெட்டியைத் தோளில் ஏற்றினார். குடையை நான் எடுத்துக் கொடுத்தேன். நாலு அடி நடந்தவர் நின்றார். பெட்டியோடு திரும்ப முடியாததால் தண்டவாளப் பக்கம் பார்த்தபடியே சொன்னார்.

"அவரும் புள்ளகுட்டிக்காரரு தம்பி. அவருக்காச்சும் ஆறு மணிக்கு வந்து மாத்திவிடுங்க."